விதை அட்டையைப் படிக்கும் ஊரில், முறுக்குப் பாக்கெட்டை யார் படிப்பது?

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி சாலையில் கிழக்கே போனால், பத்து கிலோமீட்டருக்குள் திருவரங்குளம் வந்துவிடும். செம்மண் பூமி. மழையை நம்பி நிலக்கடலையும் உளுந்தும், போர் தண்ணீர் உள்ள இடத்தில் பூவும் காய்கறியும் விளைகின்றன. பழமையான அரங்குளநாதர் கோயில் ஊருக்கு அடையாளம். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வம்பன். உளுந்து விதைக்கிற விவசாயிக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இங்கேதான் இருக்கிறது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகங்கள் இங்கிருந்து வந்தவைதான்.

இந்தப் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. விதை மூட்டையில் அட்டை இல்லாமல் வாங்க மாட்டார்கள். நீல அட்டை என்றால் சான்று விதை, வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை. ரகம் எது, முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். அட்டை பொய் சொன்னால் ஒரு போகமே போய்விடும்.

ஆனால், அதே வீட்டுப் பிள்ளை தின்கிற பாக்கெட்டின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

மாலையில் பள்ளி விட்டதும் மளிகைக் கடைகளில் கூட்டம் சேர்கிறது. பேத்திக்கு முறுக்குப் பாக்கெட் வாங்கித் தருகிறார் ஒரு மூதாட்டி. முன்பக்கம் பெரிய எழுத்தில் உளுந்து முறுக்கு. பேத்தி திருப்பிப் பார்க்கிறாள்.

"அப்பத்தா, பேருதான் உளுந்து முறுக்கு. மொதல்ல அரிசி மாவு, அடுத்து பாமாயில்னு போட்டிருக்கு. உளுந்து நாலாவதாத்தான் வருது."

"நாம வெளைய வச்ச உளுந்து அதுல எம்புட்டுடி இருக்கு?"

"மூணு சதவீதம் அப்பத்தா."

அந்தப் பிள்ளை படித்தது சட்டம் கொடுத்த உரிமை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு, 2011-ல் நடைமுறைக்கு வந்தது. அட்டை பற்றிய விதிகள் 2020-ல் திருத்தி எழுதப்பட்டன. அதன்படி, எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். ஒரு பொருளைப் படத்திலோ வார்த்தையிலோ எடுத்துக்காட்டினால், அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். கலப்பு எண்ணெய் என்றால், எந்த எண்ணெய் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும்.

அடுத்து வருவது எண்கள். சேர்மானங்களை இன்ன வகை என்று சொல்லி, பெயரையோ ஐ.என்.எஸ். எண்ணையோ தர வேண்டும். எண்ணைக் கண்டதும் விஷம் என்று பயப்பட வேண்டாம். 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. 211 என்பது கெடாமல் வைக்கும் சோடியம் பென்சோயேட். 102 என்பது டார்ட்ராசின் என்ற மஞ்சள் செயற்கை நிறம். இதைச் சில உணவுகளில் மட்டும், குறிப்பிட்ட அளவுக்குள் சேர்க்க அனுமதி உண்டு. பருப்பில் எந்தச் செயற்கை நிறத்துக்கும் அனுமதி கிடையாது. சில்லறையாக வாங்கிய பருப்பில் சந்தேகம் வந்தால், இரண்டு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். உடனே தண்ணீரில் சாயம் இறங்கினால் அந்தப் பருப்பு வேண்டாம்.

அட்டையே இல்லாத தின்பண்டத்தில்தான் ஆபத்து அதிகம். பஞ்சு மிட்டாயில், துணிக்குச் சாயம் ஏற்றும் ரோடமின்-பி கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது.

ஒரு குறை இருக்கிறது. அட்டை விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் கட்டாயமில்லை. உளுந்தை விளைவித்த அப்பத்தாவுக்கு, அந்த உளுந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பள்ளிக்கூடம் போகிற பேத்தி வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் கிராமத்துத் தயாரிப்பாளர்கள் முந்திக்கொள்ளலாம். உளுந்தை மூட்டையாக விற்காமல் அப்பளமாக்கி விற்கும் குழுக்கள், செக்கில் கடலை ஆட்டி எண்ணெய் விற்பவர்கள், தங்கள் அட்டையைத் தமிழிலும் அச்சிடலாம். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், எண்ணெய் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அப்பளக்காரத்தை மறைத்துவிட்டு 'ரசாயனம் இல்லாதது' என்று போடுவதும் பொய்தான். வீட்டில் செய்தாலும் விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, நிகர எடை, முகவரி எல்லாம் போட வேண்டும். நிலக்கடலை சேர்ந்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று தெரிந்தால், பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் ரசீதோடு வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். புரியாத எண் ஏதாவது கண்ணில் பட்டால், அதைக் குறித்து நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.