மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்

சென்னையின் வடபகுதியில், வங்கக் கடலோரம் அமைந்த பாடல்பெற்ற தலம் திருவொற்றியூர். ஆதிபுரீஸ்வரராகவும் தியாகராஜராகவும் ஈசன் எழுந்தருளியிருக்க, வடிவுடையம்மன் அருள்பாலிக்கிறாள். புற்று வடிவினரான மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்துள் இருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டுமே கவசம் நீங்கிக் காட்சி தருவார். அப்போது அவருக்குப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெறும். அந்த மணத்தோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு மணமும் இத்தலத்துக்கு உண்டு. அது தலவிருட்சமான மகிழ மரத்தின் மணம்.

மகிழம்பூ மிகச் சிறியது, நட்சத்திரம் போன்றது. இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். நடுவே இயற்கையாகவே துளை இருப்பதால் ஊசியின்றி நாரில் கோக்கலாம். மல்லிகை வாடினால் அதன் மணமும் போய்விடும். மகிழம்பூவோ காய்ந்து சருகான பின்னும் மணக்கும்.

வடநாட்டில் இம்மலரை மௌல்சிரி என்பர். அத்தருக்குப் பெயர்பெற்ற கன்னோஜ் நகரில், இதனைச் செப்புக் கொப்பரையில் நீரோடு இட்டுக் காய்ச்சுவர். எழும் ஆவி மூங்கிற்குழாய் வழியே சென்று சந்தனத் தைலத்தில் கலந்து அத்தராகிறது. மலரின் மணத்தை மரத்தின் சாரம் பற்றிக் காக்கிறது.

ஒற்றியூர் மகிழ மரம் காத்ததோ ஒரு சொல்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் அவ்வரலாற்றைக் கூறுகிறார். சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூரை மறக்க இயலாத அவர், தாம் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் மகிழடியில் இருக்க வேண்டுமென வேண்டினார். இறைவனும் இசைந்தார். ஆயினும் சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சத்தியம் பெறுமாறு உணர்த்திவிட்டார். வேறு வழியின்றிச் சுந்தரர் அம்மரத்தடியில் சத்தியம் செய்தார்.

வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு மேலிட்டது. ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் அவரது கண்பார்வை மறைந்தது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

தோழனென்று தாமே ஆட்கொண்ட அடியாருக்காகவும் ஈசன் சத்தியத்தைத் தளர்த்தவில்லை. நம்பி வந்த பெண்ணின் பக்கமே நின்றார். தவறிய அடியாரையும் கைவிடாமல், அவர் பாடப் பாட இழந்ததைத் திருப்பித் தந்தார். நீதியும் கருணையும் ஒருசேர விளங்கிய இடம் இம்மகிழடி.

மாசிப் பெருவிழாவில் இன்றும் இங்கு மகிழடி சேவை நடைபெறுகிறது. மரத்தை வலம்வரும் அன்பர்கள் உதிர்ந்த பூவொன்றைக் கண்டால் கண்களில் ஒற்றிக்கொள்ளலாம். கொடுத்த வாக்கு ஒன்று நிறைவேறாமல் நெஞ்சில் கிடந்தால், அதனை நினைவூட்ட அந்தச் சிறு மலரே போதும்.