இரண்டாம் படியும் மீள்வழியும்

இணையக் கணக்கு ஒன்றினுள் நுழையக் கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் ஏற்பாடே இருபடிச் சரிபார்ப்பு எனப்படுகிறது. கடவுச்சொல் என்பது உரியவருக்குத் தெரிந்த ஒன்று. இரண்டாம் சான்று பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் ஒன்று, அதாவது கைப்பேசியோ, சிம் அட்டையோ, கணினியில் செருகும் சிறு சாவியோ ஆகும். இரண்டும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாதலால், ஒன்றைத் திருடியவனுக்கு மற்றதைத் திருடத் தனியே ஒரு முயற்சி தேவைப்படுகிறது. அலுவலகங்களுக்கும் குடும்பங்களுக்கும் இந்த ஏற்பாட்டை அமைத்துக் கொடுப்போர், அதை இயக்கி விடுவதைத் தம் வேலையின் மிகச் சிறிய பகுதியாகவே கருதுவர். கைப்பேசி தொலைந்த அன்று உரியவர் எந்த வழியாகத் திரும்ப உள்ளே வருவார், அதே வழியாக வேறு யார் வரக்கூடும் என்னும் இரு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை கண்டு வைப்பதில்தான் அவர்களுடைய நேரம் போகிறது.

கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலிகள் 30 நொடிக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும் 6 இலக்க எண், எங்கிருந்தோ கைப்பேசிக்கு அனுப்பப்படுவதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது கைப்பேசியிலேயே கணக்கிடப்படுவது. கணக்கிடும் முறை 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்னும் பொது ஆவணமாக வெளியிடப்பட்டது. முதல் நாள் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டுக்குள் ஓர் இரகசியச் சாவி பொதிந்திருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கடந்துவந்த நொடிகளை 30 ஆல் வகுத்துக் கிடைக்கும் முழு எண்ணை அந்தச் சாவியோடு சேர்த்து ஹெச்மேக் என்னும் கணக்கீட்டுக்கு உட்படுத்தினால், வழக்கமான அமைப்பில் 20 பைட் நீளமுள்ள விடை கிடைக்கும். அதன் கடைசி 4 பிட்டுகள் எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதைச் சுட்ட, அங்கிருந்து 4 பைட்டுகளை எடுத்து, முதல் பிட்டை நீக்கி, எஞ்சியதைப் பத்து இலட்சத்தால் வகுத்தால் வரும் மீதியே திரையில் தெரியும் எண். மறுமுனையில் உள்ள சர்வரும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரு விடைகளும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு, அன்றாடம் வரும் சிக்கல்கள் பல தாமாகவே அவிழ்ந்துவிடும். கைப்பேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் எண் வருவது இதனால்தான்; எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏற்கப்படவில்லை என்றால், கைப்பேசியின் கடிகாரம் தானாக நேரம் பெறும் அமைப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதும் இதனால்தான். இதைவிட முக்கியமானது, இரகசியம் முழுவதும் அந்தக் கியூஆர் படத்தில் இருக்கிறது என்பது. அதைப் பத்திரப்படுத்துவதாக எண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்போர் உண்டு. அந்தப் படம் கைப்பேசியின் கேலரியிலிருந்து அதே மின்னஞ்சல் கணக்கின் படச் சேமிப்புக்குத் தானாகவே ஏறிவிட, கணக்கைக் காக்க வேண்டிய சாவி அந்தக் கணக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, செயலி காட்டும் எண்ணிலிருந்து வேறானது. இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்குக் கூடுதல் சான்று வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கிய பிறகு, அச்சொல் நம் நாட்டில் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தக் குறுஞ்செய்தி போய்ச் சேர்வது ஒரு மனிதரிடம் அன்று, ஓர் எண்ணிடம். அந்த எண் எந்த சிம்மில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தொலைபேசி நிறுவனம். பொய்ச் சான்று காட்டி எண்ணை வேறொரு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி உலகெங்கும் நடப்பதே. 2019 ஆகஸ்டில், ட்விட்டரின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கிலேயே பிறர் பதிவிட முடிந்தது, அவருடைய எண் அவர்கள் வசம் போனதால்தான். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், தொலைபேசி வழியாக வரும் குறியீட்டைத் தடை செய்யவில்லை என்றாலும் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டியவற்றின் வரிசையில் வைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போவோருக்கு இதே ஆபத்து திருடன் இல்லாமலே வருகிறது. ஊர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படும்; துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு ஒதுக்க விதி இடந்தருகிறது. அதன்பின் வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய குறியீடுகள், எந்தத் தவறும் செய்யாத யாரோ ஒருவரின் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கும். இத்தனை குறைகள் இருந்தும், வேறு வழி தராத சேவைகளில் குறுஞ்செய்திக் குறியீட்டை வேண்டாம் என்று ஒதுக்குவது வெறும் மேட்டிமைத்தனம். எங்கோ கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கண்மூடித்தனமாக முயன்று பார்ப்பவர்களை அது நிறுத்திவிடும்.

செயலியின் எண்ணுக்கும் குறுஞ்செய்தி எண்ணுக்கும் பொதுவான பலவீனம், அவற்றை ஒருவர் கண்ணால் படித்து இன்னொருவரிடம் சொல்லிவிடலாம் என்பதே. போலிப் பக்கத்தில் தட்டப்படும் எண்ணை அந்த நொடியே உண்மைப் பக்கத்துக்குக் கடத்தும் மோசடிக்கு 30 நொடி தாராளமாகப் போதும். 2022-இல் கிளவுட்ஃபிளேர், டிவிலியோ ஆகிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஏறக்குறைய ஒரே வகையான போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. டிவிலியோவின் உள்ளமைப்புக்குள் அந்நியர் நுழைந்தனர். கிளவுட்ஃபிளேரிலும் மூன்று ஊழியர்கள் கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் கொடுத்துவிட்டிருந்தும், அங்கே எல்லாரும் கணினியில் செருகும் வன்பொருள் சாவி வைத்திருந்ததால் தாக்குதல் அத்தோடு நின்றது. அத்தகைய சாவியும், அதே நெறியில் அமைந்த கடவுச்சாவியும் (பாஸ்கீ), தாம் எந்த முகவரிக்காகப் பதியப்பட்டனவோ அந்த முகவரிக்கு மட்டுமே விடையளிக்கும்; ஓரெழுத்து மாறிய போலி முகவரியைப் பார்த்து மனிதர் ஏமாறலாம், சாவி ஏமாறுவதில்லை.

எனினும் எவ்வளவு வலுவான சாவியைச் செருகினாலும், ‘சாவி தொலைந்துவிட்டதா?’ என்னும் இணைப்பைச் சொடுக்கினால் பழைய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும் என்றால், அந்தக் கணக்கின் உண்மையான காப்பு அந்தக் குறுஞ்செய்தி அளவே. எனவே இவ்வேலையில் பழகியவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குகளை எழுதி, எதை மீட்க எது உதவுகிறது என்று அம்புக்குறி இட்டுப் பார்ப்பார்கள். வங்கியின் அம்பு மின்னஞ்சலுக்கும், அந்த மின்னஞ்சலின் அம்பு இன்னொரு மின்னஞ்சலுக்கும், அதன் அம்பு கைப்பேசிக்கும் போய், எல்லாம் ஒரே கைப்பேசியில் முடிவதே பெரும்பாலும் காணக்கிடைக்கும் காட்சி. பிரவுசிங் சென்டரில் யாரோ தொடங்கிக் கொடுத்த மின்னஞ்சல் என்றால், அம்பு சில வேளை அந்தக் கடைக்காரரின் எண்ணில் போய் முட்டும். தேர்வு விண்ணப்பம், சான்றிதழ், வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம் அந்த மின்னஞ்சலைச் சார்ந்திருப்பது அப்போதுதான் உரியவருக்கே தெரியவரும். மற்ற எதையும் தொடுவதற்கு முன் மின்னஞ்சலைச் சரிசெய்ய வேண்டும் என்பது இத்தாளைப் பார்த்ததும் விளங்கிவிடுகிறது.

அம்புகள் கைப்பேசியைத் தவிர்த்துச் செல்ல எளிய வழி, காப்புக் குறியீடுகள். கூகுள் கணக்கில் 8 இலக்கக் குறியீடுகள் 10 கிடைக்கும். ஒன்று ஒருமுறை மட்டுமே செல்லும், புதிய தொகுப்பு எடுத்தால் பழையது முழுவதும் செல்லாது. அவற்றை அச்சிட்டுப் பத்திரங்களும் குடும்ப அட்டையும் இருக்கும் கோப்பில் வைப்பது பழமையாகத் தோன்றினும், காகிதத்தை இணையம் வழியாக யாரும் எடுக்க முடியாது. தாளின் மேல் தேதியைக் குறித்து, முழு மின்னஞ்சல் முகவரியை எழுதாமல், வீட்டாருக்கு மட்டும் புரியும் ஒரு பெயரை இட்டுவைப்பது நல்ல பழக்கம். அச்சிட்டதோடு வேலை முடிவதில்லை. பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் கணக்கைப் புதிதாகத் திறந்து, அந்தப் பத்தில் ஒன்றைச் செலவழித்து, உண்மையிலேயே உள்ளே போக முடிகிறதா என்று உரியவரையே செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்று வீணாகிறதே என்று முதியவர்கள் தயங்குவதுண்டு. எனினும் ஒருமுறை அந்தத் தாளைக் கையில் வைத்துத் தாமே தட்டச்சு செய்தவர், அது எதற்கான தாள் என்பதைப் பிறகு மறப்பதில்லை.

கைப்பேசி மாற்றும் வாரத்தில் இவை அனைத்தும் சோதனைக்கு உள்ளாகின்றன. எண் மாறவில்லை, சிம்மைக் கழற்றிப் புதியதில் போட்டாயிற்று, ஆகவே எல்லாம் வந்துவிட்டது என்று பழைய கருவியைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செயலி வைத்திருந்த இரகசியச் சாவிகள் சிம்மில் இல்லை, கருவியின் நினைவகத்தில் இருந்தன. கணக்கோடு ஒத்திசைக்கும் வசதியை இயக்கியிருந்தால் அவை திரும்ப வரும், இல்லையேல் கருவியோடு அழிந்துபோகும். ஆகையால் ஒவ்வொரு கணக்கிலும் புதிய கைப்பேசி காட்டிய எண் ஒருமுறையேனும் ஏற்கப்பட்டதைக் கண்ணால் பார்த்து, கணக்குகளை எழுதிய தாளில் அதன் பக்கத்தில் குறியிட்ட பிறகே பழைய கைப்பேசியை அழித்துக் கொடுக்கலாம். அதுவரை கடைக்காரரின் தள்ளுபடித் தேதி காத்திருக்கட்டும்.