கஷாயம் காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது

2024 ஜனவரி. கிழக்கு தில்லி மயூர் விஹாரில் காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ரஜாய்க்குள் சுருண்டு கிடந்தார் அந்த 74 வயது ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ஜுரம் 102 டிகிரி. அடித்துப் போட்டாற்போல உடம்பு வலி, வறட்டு இருமல். தெர்மாமீட்டரைப் பார்த்த மகள் நேராகச் சமையலறைக்குப் போனார்.

சுக்கு, மிளகு, திப்பிலி. தஞ்சாவூர்ப் பாட்டி சொல்லிக்கொடுத்த கணக்கு. மூன்றையும் இடித்துப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, பனைவெல்லம் கலந்தால் கஷாயம் தயார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா மாடிகளுக்கும் பரவிவிட்டது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மஞ்சள் போட்ட பாலுடன் வந்தார். எதிர்வீட்டு வங்காளி மாமி ஆடாதோடை இலைச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தார். இரண்டாவது மாடி மலையாளிக் குடும்பத்திலிருந்து கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. ஆளுக்கு ஒரு மொழி; வைத்தியம் மட்டும் ஏறக்குறைய ஒன்று.

இவற்றில் பலன் இல்லாமல் இல்லை. சூடான ரசமும் கஞ்சியும் வியர்வையில் போகும் நீரை ஈடுகட்டுகின்றன, சளியை இளக்குகின்றன. மிளகின் காரம் அடைத்த மூக்கை ஒழுகவிடுகிறது. தேன் தொண்டையில் படிந்து இரவு இருமலைத் தணிக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் தொண்டைக் கரகரப்பு குறைகிறது. கொரோனா பரவிய 2020இல் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகமே 150 மில்லி சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள் கலந்து குடிக்கச் சொன்னது. துளசி, லவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர்திராட்சை சேர்த்த கஷாயத்தையும் பரிந்துரைத்தது.

ஆனால் இவை எதுவும் ஃப்ளூ வைரஸை ஒழிப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. அதுவரை படும் அவஸ்தையைக் குறைப்பதுதான் கஷாயத்தின் வேலை. ஜுரம் தானாக இறங்கும்போது நல்ல பெயர் கஷாயத்துக்குப் போய்ச் சேருகிறது.

அந்த வீட்டிலும் அப்படித்தான். ஐந்தாம் நாள் ஜுரம் விட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். "பாட்டி கஷாயம்னா சும்மாவா?" என்று மகள் ஊருக்குப் போன் செய்து பெருமைப்பட்டார்.

ஏழாம் நாள் ராத்திரி ஜுரம் திரும்பியது. இந்தத் தடவை குளிர்நடுக்கத்தோடு. பேச்சு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றது. மகள் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தார். காலையில் எட்டிப் பார்த்த பஞ்சாபி அம்மாள் டம்ளரைக் கையிலிருந்து வாங்கி வைத்தார். "பேட்டி, இவருக்கு மூச்சு இரைக்கிறது. காடா அப்புறம் கொடுக்கலாம், முதலில் ஆஸ்பத்திரி." கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த ஆக்சிமீட்டரை மாட்டினால் 88 காட்டியது. 94க்குக் கீழே இறங்கினாலே டாக்டரிடம் ஓட வேண்டும்.

நிமோனியா. ஃப்ளூ புண்ணாக்கிய சுவாசப் பாதையில் பாக்டீரியா புகுந்துகொண்டிருந்தது. தேறியவருக்கு ஜுரம் திரும்புவதே அதற்கான எச்சரிக்கை. "ராத்திரியே ஏன் வரவில்லை?" என்றார் டாக்டர். மகளிடம் பதில் இல்லை. "கஷாயம் கொடுத்தது தப்பில்லை அம்மா. அதை நம்பிக் காத்திருந்ததுதான் தப்பு. இந்த வயதில் முதல் நாளே காட்டியிருக்க வேண்டும். ஃப்ளூவுக்கான மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும்." ஆக்சிஜன், ஊசி என்று எட்டு நாள் கழித்துத்தான் அப்பா வீடு திரும்பினார்.

அந்த எட்டு நாளில் கற்றது இப்போது அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஃப்ளூ வந்தால் முதல் நாளே டாக்டர். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, விட்டுத் திரும்பும் ஜுரம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. ஜுரத்தில் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. கொதிக்கும் தண்ணீரை மடியில் வைத்து ஆவி பிடிக்கக் கூடாது. பாத்திரம் கவிழ்ந்தால் வெந்துபோகும். ஆன்டிபயாடிக்கை மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. அது வைரஸை ஒன்றும் செய்யாது. கடைசி வரி: வருஷா வருஷம் அப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி.

அடுத்த குளிர்காலத்தில் அப்பா இரண்டு தும்மல் போட்டார். "அந்தக் கஷாயம் கொஞ்சம் போடேன்" என்றார். மகள் போட்டுக் கொண்டுவந்தார். தட்டில் டம்ளருக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர். அப்பா மறுபேச்சு இல்லாமல் முதலில் விரலை நீட்டினார்.