அழையா விருந்தாளியா, அழைத்த விருந்தாளியா?

நம் பங்கு அலுவலகத்தில் ஒரு கணினி உண்டு. புதியதன்று; எனினும் பழுதானதுமன்று. பருத்திப்பட்டிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழும் நம் குடும்பங்களின் அட்டவணை, திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் படிகள், மாதக் கணக்கு, ஞாயிறு அறிவிப்புத் தாள் ஆகிய யாவும் அதனுள்ளேதான் இருக்கின்றன. முன்பு இரும்பு அலமாரியும் அதன் பூட்டும் ஆற்றிய காவற்பணியை இன்று அந்தச் சிறு பெட்டியே ஆற்றி வருகிறது. சென்ற ஆண்டு அப்பெட்டிக்கு நேர்ந்த ஒரு நோயையும், அந்நோயை முன்னிட்டு நாம் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதத் துணிகிறோம். நம் வீடுகள் பலவற்றிலும் இன்று கணினி இருப்பதால், நமக்கு நேர்ந்தது நாளை உங்களுக்கும் நேரலாம்.

ஒரு ஞாயிறு காலை, திருப்பலி முடிந்தபின், பெயரனின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டி ஒரு முதியவரும் அவருடைய மருமகளும் அலுவலகத்தில் அமர்ந்திருந்தனர். கணினியை இயக்கினோம். திரையின் வலது மூலையில் சூதாட்ட விளம்பரம் ஒன்று எழுந்தது. அதனை மூடினோம், உடல் மெலிய மருந்து என்று மற்றொன்று எழுந்தது. அதனையும் மூடினோம், பிறர் முன்னிலையில் பார்க்கத் தகாத படத்தோடு மூன்றாவது ஒன்று திரை முழுவதையும் நிறைத்தது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். முதியவரோ, "பரவாயில்லை சாமி, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறோம்" என்று எழுந்துவிட்டார். நாம் கூனிக் குறுகிப்போனோம்.

அந்தக் கணினியில் நம்மையன்றி வேலை செய்பவன் ஒருவனே. கல்லூரியில் பயிலும் நம் பங்கு இளைஞன். சனிக்கிழமைதோறும் வந்து குடும்ப அட்டவணையைத் தட்டச்சு செய்து கொடுப்பான். காசு கேட்டதில்லை, ஒரு குவளைத் தேநீரே அவன் பெற்ற ஊதியம். 'தகாதவற்றைத் தேடியவனுக்குத்தானே தகாத படங்கள் வரும்' என்று நம் மனம் கணக்குப் போட்டது. நாம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, விசாரிக்கவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வந்தபோது, "அலுவலகச் சாவியைக் கொடுத்துவிடு தம்பி, இனி நாமே பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொன்னோம். "சரிங்க ஃபாதர்" என்றான், சாவியை மேசைமேல் வைத்தான், போய்விட்டான். அதன்பின் இரண்டு ஞாயிறுகள் பாடகர் குழுவில் அவன் முகத்தைக் காணோம். விசாரித்திருந்தாலாவது அவன் மறுத்துச் சொல்ல வழி இருந்திருக்கும். நாம் அதற்கும் இடங்கொடுக்கவில்லை.

கணினியோ நாளுக்கு நாள் மோசமாயிற்று. ஒன்றைத் தேடினால், நாம் கேட்டறியாத ஏதோ ஒரு தேடுபக்கம் வந்து நின்றது. ஒருநாள், "உங்கள் கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, காதைத் துளைக்கும் ஒலியோடு தோன்றியது. தொலைபேசியைக் கையில் எடுத்தும்விட்டோம். நல்ல வேளையாக, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிக்கும் நம் பங்கு மகள் ஒருவர் அவ்வேளை வேறொரு காரியமாய் உள்ளே வந்தார். "வேண்டாம் ஃபாதர்! அந்த எச்சரிக்கையே ஒரு விளம்பரம்" என்று தடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

அவர் முதலிற் செய்தது, கணினியில் நிறுவப்பட்டுள்ள நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கியதுதான். நாம் அறியாத நான்கு பெயர்கள் ஒரே தேதியைத் தாங்கி நின்றன. பதிவிறக்கக் கோப்புறையில் அதே தேதியில் ஒரு கோப்பு; நேரம் இரவு 9.40. "அன்றிரவு இங்கே யார் இருந்தார்கள் ஃபாதர்?" என்று இயல்பாகத்தான் கேட்டார். நமக்குத்தான் தொண்டை அடைத்தது. அன்றிரவு இருந்தவர் நாமே. பல்லாண்டுகளுக்கு முன் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பங்கு அட்டவணை ஒன்று, திறந்தபோது வெறும் கிறுக்கலாய்த் தெரிந்தது. அந்த எழுத்துருவைத் தேடி, ஏதோ ஒரு பக்கத்தில் 'பதிவிறக்கு' என்று பச்சை நிறத்தில் பெரிதாய் ஒளிர்ந்த பொத்தானை அழுத்தினோம். பின்னர் வந்த கேள்விகளுக்கெல்லாம் படியாமலே 'ஆம்', 'அடுத்து', 'ஆம்' என்று தலையசைத்துக்கொண்டே போனோம். எழுத்துருவும் கிடைக்கவில்லை; உறக்கம் வந்ததால் அதை மறந்தும்போனோம்.

அந்தப் பச்சைப் பொத்தானே விளம்பரமாம்; உண்மையான இணைப்பு அதன்கீழ்ச் சிற்றெழுத்தில் இருந்திருக்கும் என்று அப்பெண்மணி விளக்கினார். ஆட்வேர் எனப்படும் இவ்விளம்பர நிரல்கள் பெரும்பாலும் பூட்டை உடைத்து வருவனவல்ல. இலவச நிரல் ஒன்றின் மடியில் கட்டிய மூட்டையாக உள்ளே வருகின்றன. அவ்வாறு ஒரு கணினியில் அவற்றைக் கொண்டுசேர்ப்போருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. 2016-இல் கூகுள் நிறுவனமும் நியூயார்க் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, ஒரு கணினிக்கு 1.50 டாலர் வரை அக்கூலி தரப்பட்டது தெரியவந்தது. நாம் படியாமல் சொன்ன ஒவ்வோர் 'ஆம்' என்பதற்கும் எங்கோ ஒருவர் காசு எண்ணியிருக்கிறார்.

இது நம் ஒருவருடைய கதையன்று. 2017 ஜூன் மாதத்தில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், 'ஃபயர்பால்' என்ற விளம்பர நிரலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பீஜிங் நகரின் விளம்பர நிறுவனம் ஒன்று, இலவச நிரல்களோடு சேர்த்து அதனைப் பரப்பியதாகவும், அது முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடுவதாகவும் அவ்வறிக்கை கூறிற்று. உலகெங்கும் 25 கோடிக் கணினிகள் அதற்கு ஆட்பட்டன என்றும், அவற்றுள் இந்தியாவில் மட்டும் 2.53 கோடி என்றும், நாடுகளுள் முதலிடம் நமக்கே என்றும் மதிப்பிட்டது. அக்கணக்கு மிகைப்பட்டதாக இருக்கலாம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் பின்னர் மறுத்துரைத்தது. ஆயினும் தீங்கு மெய்யானது என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது.

இனி, நோய் தீர்ந்த விதத்தைச் சொல்வோம். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தார். அந்த நான்கு நிரல்களையும் ஒவ்வொன்றாக நீக்கினார். அடுத்து உலாவிக்குள் சென்றார். உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்களுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். அவற்றுள் நாம் வேண்டிப் பெறாதவற்றைக் களைந்தார். பின்னர், எந்தெந்தப் பக்கங்கள் நமக்கு 'நோட்டிபிகேஷன்' அனுப்ப அனுமதி பெற்றிருக்கின்றன என்று பார்த்தார். மூலையில் எழுந்த சூதாட்ட விளம்பரம் அவ்வழியாகத்தான் வந்திருக்கிறது. 'அலவ்' என்பதை நாமே அழுத்தியிருந்தோம்! முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி அமைத்தார். இறுதியாக, விண்டோஸ் கணினியிலேயே அமைந்துள்ள விண்டோஸ் செக்யூரிட்டி கொண்டு முழுச் சோதனை நடத்தினார். மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாக வழங்கும் ஆட்வ்கிளீனர் என்ற கருவியை அந்நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கி, மறுமுறையும் துழாவினார். அக்கருவியின் பெயரிலேயே போலிகளும் உலவியதுண்டாகையால், கண்ட இடத்தில் அதனை வாங்கலாகாது என்றார். கடவுச்சொற்களை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றும்படியும் சொன்னார். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"முடிந்ததா?" என்றோம். "வந்தவர்களை அனுப்பிவிட்டோம் ஃபாதர், கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது" என்றார். பருத்திப்பட்டு ஏரி நம் நினைவுக்கு வந்தது. கழிவுநீர் சேர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக்கிடந்த அந்த ஏரி சீரமைக்கப்பட்டு, 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாலை நடைக்குச் செல்லும் நம்மவர் பலர் அதனை அறிவர். ஆகாயத்தாமரையின் பூ பார்வைக்கு அழகுதான். ஆனால் சிறு துண்டு எஞ்சினும் மீண்டும் படரும். அதன் விதை சேற்றுக்குள் பல்லாண்டு காத்திருக்கும். மேலே மிதப்பதை வாரினால் மட்டும் ஏரி தூய்மையாகிவிடாது; கழிவுநீர் வரும் வாய்க்காலையும் அடைக்க வேண்டும்.

வாய்க்காலை அடைக்கும் வழிகளாக அவர் சொன்னவற்றை நம் இல்லங்களுக்கும் பயன்படும் என்றெண்ணித் தருகிறோம். எந்த நிரலையும் அதனைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே பெறுக. நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' என்ற விரைவு வழியைத் தவிர்த்து, 'கஸ்டம்' என்ற வழியைத் தேர்ந்து, முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் சரிக்குறிகளைப் படித்து நீக்குக. விலைகொடுத்து வாங்க வேண்டிய நிரல்களின் திருட்டுப் பதிப்புகளை வீட்டுக்குள் சேர்க்காதீர். அவற்றின் மடியில்தான் மூட்டைகள் மிகுதி. விண்டோஸ் செக்யூரிட்டியில், வேண்டாத நிரல்களைத் தடுக்கும் வசதி ஒன்று உண்டு. அது இயங்குகிறதா என்று பாருங்கள். அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக்கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது படியாமல் சொல்லும் 'ஆம்' பல இடங்களிற் செல்லாது. நடுவணரசு 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா என்னும் மையமும் இத்தகைய தூய்மைப்பணிக்கு இலவசக் கருவிகளை வழங்குகிறது.

அச்சுறுத்தும் எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு சொல். மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்களின் உதவியாளர்கள் என நடித்துப் பணம் பறித்த அழைப்பு மையங்கள் மீது, 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. திரையில் தோன்றும் எண்ணை அழைத்தால் எதிர்முனையிற் பேசுவோர் அத்தகையோராகவே இருப்பர். கணினியை நிறுத்திவிடுங்கள், அழைக்காதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டதெனில், வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

கணினி நலமாயிற்று. நம் மனமோ நலமாகவில்லை. அன்று மாலையே அந்த இளைஞனின் வீட்டுக்குச் சென்றோம். அவனுடைய தாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் முன்னிலையிலேயே, "தம்பி, தவறு செய்தது நாம், பழியை மட்டும் உன்மேல் போட்டோம். எங்களை மன்னித்துக்கொள்" என்றோம். அவன் சிறிது நேரம் தரையைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "நீங்க என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் ஃபாதர்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. தாய் தேநீர் போட உள்ளே சென்றபோது, குரலைத் தாழ்த்தி மற்றொன்றும் சொன்னான்: ஓராண்டுக்கு முன் அவர்கள் வீட்டுக் கணினியிலும் இதே போலப் படங்கள் வந்தனவாம். தகப்பனார் பார்த்தால் தன்னைத்தான் ஐயுறுவார் என்று அஞ்சி, யாரிடமும் சொல்லாமல், கணினியே கெட்டுவிட்டதென்று மூலையில் போட்டுவிட்டானாம்.

பெற்றோரே, இதனை எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுத் திரையிலும் ஒருநாள் தகாத படம் தோன்றக்கூடும். உடனே பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். அன்று பொத்தானை அழுத்திய விரல் உங்களுடையதாகவும் இருக்கலாம். பிள்ளையினுடையதாகவே இருந்தாலும், அவன் அஞ்சாமல் உங்களிடம் வந்து சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். மறைத்த நோய்தான் முற்றும்.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். பழைய அட்டவணைக்கு வேண்டிய எழுத்துருவை அவனே முறையான இடத்திலிருந்து கண்டுபிடித்துக் கொடுத்தான். கேள்விப் பெட்டி ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் காட்டியபின்னரே 'ஆம்' என்பதை அழுத்தினான். அந்த முதியவருக்கும் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது.