டீஸல் வண்டியில் வெந்நீர் ஸ்நானம்

ஆஸ்திரேலியாவின் பாலைவெளிகளில் டீஸல் வண்டியேறிப் பல நாள் சஞ்சரிக்கிறவர்களில் சிலர், அங்கேயே வெந்நீர் ஸ்நானம் செய்கிறார்கள் என்றால் நேயர்கள் நம்பவேண்டும். விறகு இல்லை, அண்டா இல்லை. வண்டியின் இஞ்சினே அடுப்பு!

எரிபொருள் தரும் உஷ்ணத்தில் ஏறக்குறையக் கால் பங்கு, இஞ்சினைச் சுற்றியோடும் நீருடன் சென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் வீணாகிறது. அந்நீரின் சூடு சுமார் 90 டிகிரி. இதை நாம் வகுப்பில் சொன்னதும், "அந்த நீரையே வாளியில் பிடித்துக் குளிக்கலாமே, ஸார்!" என்றான் ஒரு பையன். கூடவே கூடாது. அதில் சாதாரணமாகக் கலந்திருக்கும் எதிலீன் கிளைக்கால், உள்ளே போனால் கொடிய விஷம். போதாததற்குத் தித்திப்பாக வேறு இருக்கும். குழந்தைகள் உள்ள இடத்தில் இது விளையாட்டல்ல.

ஆகவே, ஹீட்டருக்குச் செல்லும் குழாயின் நடுவே சிறு பெட்டியொன்றை இணைக்கிறார்கள். அதனுள் மெல்லிய உலோகத் தகடுகள். ஒரு புறம் இஞ்சின் நீர், மறுபுறம் குளிக்கும் நீர். சூடு மட்டுமே தகட்டைத் தாண்டும்.

நிமிஷத்துக்கு 6 லிட்டர் நீரை 20 டிகிரி உயர்த்த, 8 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமான சக்தி வேண்டும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியில் இது அநேகமாக இனாம். குளிப்பதற்கென்றே, நின்ற வண்டியில் இஞ்சினை ஓட்டுவதுதான் நமக்குச் சம்மதமில்லை. சுமையின்றி ஓடும் டீஸல் யந்திரம் லேசில் சூடேறாது. எண்ணெய்ச் செலவும் புகையுந்தான் மிச்சம்.

இன்னொன்று: குளிக்கும் நீர் மெதுவாக ஓடினால், தோல் வெந்துபோகுமளவு சூடாகிவிடும். குழந்தைகளின் தலையில் விடுமுன் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.