குண்டடம் மாடியில் ஒரு பனிக்காலை: சோலார் பேனல் ஷாக் அடிக்குமா?

தாராபுரத்திலிருந்து பல்லடம் சாலையில் வந்தால், குண்டடத்தை நெருங்கும்போது வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். எல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நிற்பவை. இப்போது அவற்றுக்குப் போட்டியாக வீட்டு மாடிகளிலும் கருநீலப் பேனல்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் என்றால் யார்தான் விடுவார்கள்!

வடுகநாத சுவாமி கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விசைத்தறிக்காரர் ஒருவர் வீட்டு மாடிக்குப் போனேன். மார்கழி தொடங்கியதிலிருந்து அங்கே இன்வெர்ட்டர் காலையில் அடம்பிடிக்கிறது. சிவப்பு விளக்கு எரியும். வெயில் ஏறியதும் தானாக ஓடும். "ஓடுதில்ல, அப்படியே விட்டுட்டமுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அதைத்தான் விடக்கூடாதுங்க" என்றார் எலெக்ட்ரீஷியன். தினமும் ஓடுவதற்கு முன்னால், பேனல் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று இன்வெர்ட்டரே பார்த்துக்கொள்கிறது. ஒயரில் எங்காவது காயம் இருந்தால், பனி ஈரத்தில் மின்சாரம் அலுமினிய ஃப்ரேமுக்குக் கசியும். காய்ந்ததும் கசிவு நிற்கும். காயம் அங்கேயேதான் இருக்கும்.

அப்போதுதான் அந்தக் கம்பிக் கொடியைப் பார்த்தேன். பேனல் ஸ்டாண்டிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை கட்டி, ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். "ரெண்டு வாட்டி கை வெடுக்குன்னுச்சு அம்மிணி. வாதம்னு நெனச்சு தைலம் தேச்சேன்" என்றார் வீட்டு ஆத்தா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ரப்பர் கையுறை போட்டு, இன்வெர்ட்டர் பக்கத்து டி.சி. சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரை வைத்தார். எட்டுப் பேனலும் சேர்ந்து 360 வோல்ட். பாசிட்டிவுக்கும் ஃப்ரேமுக்கும் இடையே 135. நெகட்டிவுக்கும் ஃப்ரேமுக்கும் இடையே 225. ஒரு பேனலுக்கு 45 வோல்ட் என்றால் 135 என்பது மூன்று பேனல். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல பாருங்க." குனிந்து பார்த்தால், அணில் கடித்த ஒயர் ஃப்ரேமின் மேல் கிடக்கிறது! ஃப்ரேமின் எர்த் ஒயரும் துருப்பிடித்து அறுந்திருந்தது. அது இருந்திருந்தால் ஆத்தா கையில் வெடுக்கென்று இழுத்திருக்காது.

ஒயரையும் எர்த்தையும் மாற்றி, பேனல் மேல் தண்ணீர் தெளித்து, மெக்கரில் 500 வோல்ட் கொடுத்தார். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், தாராளமாகவே காட்டியது. ஆய்வகத்தில் சோதனை இன்னும் கடுமை. பேனலைத் தண்ணீரில் முக்கியே பார்ப்பார்கள். இரண்டரை சதுர மீட்டர் பேனல் என்றால் 16 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.

இதையெல்லாம் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். எந்த சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். காலையிலோ மழையிலோ மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். பேனல் போடும்போது எர்த் குழியையும் காட்டச் சொல்லுங்கள். யூனிட் கணக்கு கேட்கும் நாம் இதைக் கேட்பதே இல்லை.

கீழே இறங்கும்போது ஆத்தா கம்பிக் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நைலான் கயிறு வாங்கிவரப் பேரன் சைக்கிளை எடுத்தான்.