ஓரடி ஈர மணல்

எங்கள் ஊரில் பச்சோந்தி என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் ஓணானைத்தான் காட்டுவார்கள். வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டும், கழுத்து சிவக்கும், கல்லெறிந்தால் ஓடும். அது ஓணான். ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. அதை அடிக்கும் பையன்களுக்கு அந்தக் கதைதான் லைசென்ஸ். பச்சோந்தி வேறு. அதற்கு ஓடத் தெரியாது. காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் அடுத்த அடியை வைக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். நாக்கு உடம்பைவிட நீளம்.

மனுஷங்களில் நம்ப முடியாதவனைப் பச்சோந்தி என்கிறோம். கட்சி மாறினால் பச்சோந்தி. ஆனால் அந்த உயிர் நிறம் மாறுவது பெரும்பாலும் ஒளிந்துகொள்வதற்காக அல்ல. வெயில் வேண்டும், கோபமாக இருக்கிறேன், பக்கத்தில் வராதே என்று வெளிப்படையாகச் சொல்வதற்குத்தான். தோலுக்குள் இருக்கும் மிகச் சிறிய படிகங்களின் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் அது நிறத்தை மாற்றுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சினையான பெண் பச்சோந்தி அடர்நிறமாகிப் புள்ளிபுள்ளியாக மாறினால், ஆணுக்கு அது சொல்லும் செய்தி ஒன்றுதான்: கிட்ட வராதே.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது தளவாய்புரத்தில் அல்ல, டாலஸில். ஊர் மாறிப்போன ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பெண் பச்சோந்தியைக் கூண்டோடு என்னிடம் விட்டுப் போனார். வெய்ல்டு கமீலியன் என்பார்கள். ஏமனும் சவுதியின் தென்மேற்கும் அதன் சொந்த ஊர். தலையில் முக்காடு போட்ட மாதிரி உயர்ந்த கொண்டை இருக்கும். அமெரிக்காவில் அதைக் கடையிலேயே விற்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம் ஊர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வீடியோ காலில் அதைப் பார்த்த அம்மாதான் பேர் வைத்தாள்: மரகதம்.

வந்த இரண்டாம் மாதம் மரகதத்தின் வெளிர்பச்சை இருண்டது. மேலே மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். வயிற்றின் பக்கவாட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டுத் தைத்த பை மாதிரி மேடுகள் தெரிந்தன. அம்மாவிடம் சொன்னேன்.

“எய்யா, அதுக்குத்தான் ஜோடியே இல்லையே?”

“ஜோடி இல்லாட்டியும் முட்டை வைக்கும்மா. குஞ்சுதான் வராது.”

“அப்ப நாமக்கல் கோழி மாதிரியா?”

அதேதான். கடையில் வாங்கும் பண்ணை முட்டைக்குச் சேவல் தேவையில்லை. அது மாதிரி இந்த இனப் பெண்ணும் பருவம் வந்துவிட்டால் ஆணையே பார்க்காமல் முட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு ஈட்டுக்கு இருபதிலிருந்து எழுபது வரை சாதாரணம். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈடுகூட வரலாம். கையளவு உடம்பிலிருந்து இத்தனை முட்டை! ஆணைவிடப் பெண்ணுக்கு ஆயுசு குறைவு என்று சொல்வதில் ஆச்சரியமில்லை.

ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கும். கால்சியம் குறைந்தால் தசைக்கும் வலு போய்விடும், முட்டையைத் தள்ள முடியாது. அதனால் கிரிக்கெட் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும். அதற்குப் புறஊதா ஒளி தரும் டியூப்லைட். இவ்வளவு செய்தாலும், பிரியத்தில் அள்ளிப் போடக் கூடாது. சாப்பாடும் சூடும் கூடினால் முட்டையின் எண்ணிக்கையும் கூடும். குளிர்காயும் விளக்கடியில் சுமார் 27 டிகிரி, ஒருநாள் விட்டு ஒருநாள் அளவாகச் சில பூச்சிகள். அம்மாவுக்கு இது ஒப்பவேயில்லை. “வாயும் வயிறுமா இருக்கவளுக்குப் பட்டினியா?” என்றாள்.

அடுத்தது இடம். பச்சோந்தி மரத்தில் வாழும், மண்ணில்தான் முட்டை வைக்கும். ஆகவே கூண்டுக்குள் ஒரு வாளி, அதில் கழுவிய மணல். குறைந்தது ஓரடி ஆழம், ஓரடி அகலம். சரியான ஈரம் முக்கியம். காய்ந்த மணலில் சுரங்கம் சரிந்து உள்ளே இருப்பவளை மூடிவிடும். தண்ணீர் கோத்துக்கொண்டால் முட்டைக்கு ஆகாது. எத்தனை சதவீத ஈரம் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரே வரியில் முடித்தாள்: “பிடிகொழுக்கட்டைப் பதம். பிடிச்சா நிக்கணும், சொட்டக் கூடாது.” விரலை விட்டு ஒரு குழி போட்டுப் பார்த்தேன். நின்றது.

மரகதம் சாப்பாட்டை நிறுத்தினாள். மேல்கிளையை விட்டு இறங்கவே மாட்டாதவள் கூண்டின் தரையில் மூலைமூலையாக அலைந்தாள். வாளிக்குள் இறங்கி ஒரு குழி தோண்டி அப்படியே விட்டு வந்தாள். மறுநாள் இன்னொன்று. இதுவரைக்கும் பயமில்லை, இடம் தேடுகிறாள் என்று அர்த்தம். பயப்பட வேண்டியது வேறு. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது, கண் குழிவது, பிடி நழுவி விழுவது. அப்படியென்றால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது, அந்த நேரமே ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் ஓட வேண்டும். ஊசியில் சரியாகலாம், ஆபரேஷன் வரைக்கும் போகலாம். விட்டால் செத்துப்போகும். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாத பச்சோந்திகூட, மனசுக்குப் பிடித்த இடம் கிடைக்காமல் முட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று படித்தபோது வாளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் அழுத்திச் சொல்லும் விதி ஒன்று உண்டு: தோண்டும்போது அவள் உன்னைப் பார்க்கக் கூடாது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியை விட்டு ஏறிவிடுவாள். காட்டில் அவளைப் பார்க்கும் கண் எல்லாம் தின்னப்போகும் கண். நான் சம்பளம் வாங்குவதே பார்த்துக்கொண்டிருப்பதற்காக. சர்வர்களை மானிட்டர் செய்வது, அலர்ட் வைப்பது, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தால் எழுந்து கிராஃப் பார்ப்பது. எதைக் கவனித்துக்கொள்வதென்றாலும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நான் கற்ற பாடம். இங்கே பார்க்காமலிருப்பதுதான் கவனிப்பு.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம். தளவாய்புரத்தில் தெருவுக்குத் தெரு நைட்டி தைப்பார்கள், எங்கள் முன்னறையும் அதற்குத்தான். “உன்னப் பெத்தப்ப ஆஸ்பத்திரில ஒரு தெர கெடையாதுய்யா. போறவன் வாறவன் எல்லாம் எட்டிப் பாக்கான். ஒங்க அம்மாச்சிதான் கட்டியிருந்த மாத்துச் சேலையப் பிரிச்சு, ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு விடியுற வரைக்கும் நின்னா.” முப்பது வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. பிறகு அவளே, “பழைய சேல ஏதும் கெடக்கா? தொங்க விடு” என்றாள்.

ஊரிலிருந்து சாமான் கட்டி வந்த நூல்சேலை ஒன்று பெட்டிக்குள் இருந்தது. கூண்டின் மூன்று பக்கமும் சுற்றிக் கட்டி, நான்காவது பக்கத்தைச் சுவரோடு ஒட்டினேன். தண்ணீர் சொட்டும் குழாய்க்கு மட்டும் மேலே இடம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அன்றிரவு அவள் சுரங்கத்துக்குள்ளேயே தூங்கியிருக்க வேண்டும், கிளையில் நிழல் தெரியவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் சேலை விளிம்பைத் துளி விலக்கினால், மரகதம் மேல்கிளையில். மேலெல்லாம் மணல். வயிறு ஒட்டி, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு. வாளியில் குழி இருந்த அடையாளமே இல்லை. பின்னங்கால்களால் மண்ணை இழுத்து மூடி, மிதித்துச் சமன் செய்திருந்தாள். தண்ணீரை அப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் கண் மூடித் திறந்தது.

மொத்தம் முப்பத்தெட்டு. வெள்ளையாக, நீள்வட்டமாக, தோல் மாதிரி மெத்தென்ற ஓடு. ஆண் சேர்ந்திருந்தால் இளஞ்சூட்டில் ஆறேழு மாசமோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டியவை. இவற்றில் ஒன்றும் வராது. ஆனாலும் அவள் ஒன்றைக்கூடத் தரையில் சும்மா போடவில்லை. அம்மா எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, “இப்பவாச்சும் நல்லா சாப்பாடு போடு” என்றாள். இரண்டு வாரத்துக்குக் கால்சியமும் தண்ணீரும் பூச்சியும் கூடுதலாகவே போயின.

நம் ஊர்ப் பச்சோந்திக்கும் இதே கஷ்டம்தான், வாளி வைக்க ஆள் இல்லை என்பதைத் தவிர. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகை வாக்கில், சினையான பெண் மரத்தை விட்டு இறங்குகிறது. பத்திலிருந்து முப்பது முட்டை வரை மண்ணுக்குள் புதைத்துவிட்டு ஏறிவிடும். வாழ்நாளெல்லாம் கிளையில் இருப்பது தரையில் நடக்கும் காலம் இது. இரண்டு விரல் ஒரு பக்கமும் மூன்று விரல் மறுபக்கமுமாக இடுக்கி போலப் பிரிந்த கால் குச்சியைப் பிடிக்க ஆனது, தார் ரோட்டுக்கு ஆனதல்ல. வண்டிகள் அதற்காக நிற்பதில்லை. கண்டுபிடிப்பவர்கள் “பாவம், அடிபட்டிருக்கும்போல” என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதும் நடக்கிறது. தரையில் இருக்கும் பச்சோந்திக்கு நோய் என்று அர்த்தமில்லை. வண்டியை நிறுத்தி, அது போகும் திசையில் கடக்க விட்டு, நம் வழியில் போய்விட்டால் போதும். தொலைவில் நின்று போட்டோ எடுக்கலாமா என்றால், அதுவும் வேண்டாம் என்பேன்.

கடந்தாலும் அந்தப் பக்கம் மண் இருக்க வேண்டுமே. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கொல்லையில் முருங்கையும் அதைச் சுற்றி இளகின மண்ணும் இருந்தன. இப்போது வாசலுக்குச் சிமென்ட், கொல்லைக்குப் பேவர் பிளாக். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஓரடி தோண்ட இடமில்லை.

போன மாசம் எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் கல் பதிக்க ஆள் வந்திருந்தார்கள். முருங்கையடியில் நாலுக்கு நாலு அடி மண்ணை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறாள் அம்மா. “எதுக்குக்கா?” என்று கேட்ட கொத்தனாரிடம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. இதுவரை அங்கே பச்சோந்தி எதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கோழி கிளறுகிறது என்று புகார் மட்டும் வருகிறது.